டிஃபெண்டர் பொண்ணோட அம்மாகிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். சொந்த ஊரு கும்பகோணம் பக்கம், கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து 22 வருஷம் ஆச்சு, வீடு சாட்ஸ்வர்த்ல. வீட்டுக்காரர் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வம்சம், அவங்க வீட்ல தமிழ் இப்ப ஆயா, தாத்தா, ரசம், காவடினு சில வார்த்தையாத்தான் மிச்சம் இருக்கு. எங்க மகளுக்கு 20 வயசு, ஃபுட்பால்ல சென்டர் பேக் (கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற டிஃபெண்டர்) ஆடுறா, ரெண்டு வருஷமா ஒரு பெண்கள் க்ளப்ல கான்ட்ராக்ட், கூடவே டிகிரியும் படிக்கிறா. இது தெரிஞ்ச நாள்ல இருந்து கோயில்ல பாக்குறவங்க, ஜோபர்க்ல புதுசா வந்து இறங்குன ஐடி குடும்பங்க, ஊர்ல இருக்குற என் அக்கா தங்கச்சிங்க, எல்லாரும் வாட்ஸ்அப்ல அதே கேள்விய கேக்குறாங்க, நானும் அதே வாய்ஸ் நோட்ட திரும்பத் திரும்ப அனுப்புறேன். அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். நான் கோச் இல்ல, டாக்டர் இல்ல, லாயரும் இல்ல. எட்டு வருஷமா க்ரவுண்டு ஓரத்துல மடக்கு நாற்காலில உக்காந்திருக்கிற ஆளு.

கேள்வி: சாக்கரா, ஃபுட்பாலா?

இங்க சாக்கர்னாதான் எல்லாருக்கும் புரியும். ஊருக்கு ஃபோன் பண்ணா ஃபுட்பால்னு சொல்லுவேன். ரெண்டும் ஒண்ணுதான்.

கேள்வி: டிஃபெண்டர்னா என்ன வேலை? நல்லா ஓடுற பொண்ண ஏன் கோல் போடுற எடத்துல விடல?

இத என் தம்பி வருஷத்துக்கு ரெண்டு தடவ கேப்பான். இவளும் முதல்ல முன்னாடிதான் ஆடுனா, 13 வயசுல ஒரு கோச் பின்னாடி இழுத்து விட்டார், அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதா, ஏதோ தண்டனை குடுத்த மாதிரி நெனச்சுட்டா. அவர் சொன்ன காரணம் என்னன்னா இவ பந்தப் பாக்குறத விட ஆளப் பாக்குறா, எதிர் டீம் பொண்ணு எந்தப் பக்கம் திரும்பப் போறானு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கா, அது சொல்லிக் குடுத்து வர்றது இல்ல. சென்டர் பேக் வேலையே பாதி அதுதான், பந்து வர்றதுக்கு முன்னாடி எடத்த மூடுறது. டேக்கிள் போட்டு விழுந்து புரண்டா கூட்டம் கைதட்டும், ஆனா கோச்சுங்க என்ன சொல்றாங்கன்னா அவ்ளோ தூரம் விழ வேண்டி வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடியே எங்கயோ தப்பு நடந்திருக்குனு.

முன்னாடி இருந்து பின்னாடி வந்தவங்கள்ல பெரிய பேரு நோகோ மட்லோ. லிம்போபோ பொண்ணு. 2008ல ஆப்பிரிக்காவோட சிறந்த வீராங்கனை விருது வாங்குனாங்க, அத வாங்குன முதல் தென்னாப்பிரிக்கப் பெண் அவங்கதான், அப்ப அவங்க ஸ்ட்ரைக்கர்! பின்னால டிஃபென்ஸுக்கு மாறி, ஸ்பெயின்ல ஐபார் க்ளப் வரைக்கும் போய், 2023 உலகக்கோப்பை டீம்ல 37 வயசுல டிஃபெண்டரா இருந்தாங்க. அவங்க டிஃபென்ஸுக்கு மாறுன கதைய சொன்ன பிறகுதான் எங்க வீட்ல அழுகை நின்னுச்சு.

கேள்வி: எங்க பொண்ணுக்கு 12 வயசு, இப்பதான் ஆரம்பிக்கிறா. லேட்டா?

இல்ல. டிஃபெண்டருக்கு சத்தியமா இல்ல. வேகத்த மட்டும் நம்பி ஆடுற எடங்கள்ல சின்ன வயசு அவசரம் இருக்கும், பின்வரிசைல அப்படி இல்ல, பாத்துப் பாத்துதான் பழகணும், அதுக்கு மேட்ச் வேணும், வருஷம் வேணும். யானின் வான் வைக்க எடுத்துக்கோங்க, பன்யானா பன்யானாவுக்கு (நம்ம பெண்கள் தேசிய டீம் பேரு அது) 2005ல ஆட ஆரம்பிச்சு 2023ல நிறுத்துனாங்க, 180க்கு மேல மேட்ச், ஆப்பிரிக்காவுல ஆம்பளைங்களயும் சேர்த்துப் பாத்தாலும் அவ்ளோ மேட்ச் ஆடுனவங்க ரொம்பக் கம்மி. சென்டர் பேக்தான். அமெரிக்காவுல ஹூஸ்டன், டென்மார்க், ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ சிட்டி எல்லாம் ஆடிட்டு இங்க தன் பேரோட முதல் எழுத்த வச்சே ஜே.வி.டபிள்யூ.னு ஒரு க்ளப்பும் நடத்துறாங்க.

பிரான்ஸ் டீம் வெண்டி ரெனார்ட் மார்டினிக் தீவுல இருந்து வந்தவங்க, பாரிஸ் பக்கத்துல பெரிய அகாடமி ட்ரயல்ல எடுக்கல, அப்புறம் 16 வயசுல லியோன் க்ளப் எடுத்துச்சு, அங்கயே எட்டு சாம்பியன்ஸ் லீக் கப் ஜெயிச்சுட்டாங்க. அதனால 14 வயசுல செலக்ட் ஆகலன்னு பொண்ணோட பூட்ஸ தூக்கி கராஜ்ல போட்ட அப்பா ஒருத்தர் இங்க இருக்கார், அவருக்குத்தான் இந்தப் பதில், படிக்கிறாரானு தெரியல.

கேள்வி: உயரமா இருக்கணுமா?

ரெனார்ட் 187 சென்டிமீட்டர். அமெரிக்கா டீம் சென்டர் பேக் நவோமி கிர்மா 168. ரெண்டு பேருமே உலகத்துல முதல் வரிசை. என் மக 165, குதிக்கிற நேரம் சரியா இருந்தா போதும்னு அவளே சமாதானம் சொல்லிக்கிறா.

கேள்வி: இந்த ஊர்ல பொண்ணுங்களுக்கு ஒழுங்கான லீக்னு ஒண்ணு இருக்கா? எப்படி மேல போறது?

இருக்கு. கீழ இருந்து சொல்றேன். உங்க ஏரியா லோக்கல் ஃபுட்பால் அசோசியேஷன்ல சேர்ந்த க்ளப்ல முதல்ல பேர் பதியணும், சாஃபாவோட (தென்னாப்பிரிக்க ஃபுட்பால் சங்கம்) ஆன்லைன் சிஸ்டத்துல அவளுக்குனு ஒரு நம்பர் வரும். அத அசால்ட்டா விடாதீங்க, எந்த வருஷம் எந்த க்ளப்ல ஆடுனானு ரெக்கார்ட் இருந்தாதான் பின்னால ட்ரான்ஸ்ஃபர் வரும்போது பிரச்சனை வராது. அதுக்கு மேல மாகாண அளவுல சசோல் லீக், ஒன்பது மாகாணத்துக்கும் உண்டு, மாகாண சாம்பியன்கள் ஒண்ணா மோதி ஜெயிச்சா மேல சூப்பர் லீக். தேசிய லீக்னு ஒண்ணு 2019லதான் வந்துச்சு, இப்ப ஹாலிவுட்பெட்ஸ் சூப்பர் லீக்னு பேரு (ஆமா, பெட்டிங் கம்பெனி பேர்தான், எங்க மாமியாருக்கு அதுல ரொம்ப வருத்தம்). பெரும்பாலும் மமெலோடி சண்டவுன்ஸ்தான் ஜெயிக்கும். அவங்க ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கயே 2021லயும் 2023லயும் ஜெயிச்சவங்க, அதுல 2021தான் பெண்களுக்கு நடந்த முதல் போட்டி. மேற்கு கேப் யூனிவர்சிட்டி, ட்ஷ்வானே டெக்னாலஜி யூனிவர்சிட்டி, ஜோஹனஸ்பர்க் யூனிவர்சிட்டி டீமுங்களும் இந்த லீக்ல ஆடியிருக்காங்க. நம்ம பக்கம் டர்பன் லேடீஸ்.

தேசிய அளவுல 17 வயசுக்குக் கீழ பன்ட்வானா, 20க்குக் கீழ பசெட்சானா, அப்புறம் பன்யானா. பேரு மூணும் ஒரே மாதிரி இருக்கும், எனக்கு ஒரு வருஷம் ஆச்சு பிரிச்சு சொல்ல.

கேள்வி: சம்பளம் எவ்ளோ வரும்? இத நம்பி வாழ முடியுமா?

உள்ளத சொல்லிடறேன், இங்க இருக்குற பெரும்பாலான க்ளப்ல முடியாது. லீக் பேர்ல தேசியம் இருந்தாலும் எல்லா டீமும் முழு புரொஃபஷனல் இல்ல, சண்டவுன்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு எடத்துல ஒழுங்கா மாச சம்பளம், மத்த எடத்துல டாக்ஸி காசும் மேட்ச் காசும்தான், பகல்ல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் ப்ராக்டிஸ் வர்றவங்க நிறைய. என் மக வாங்குறது பூட்ஸுக்கும் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போக கொஞ்சம் மிஞ்சும். எங்க வீட்ல தங்கி சாப்பிடுறதால மிஞ்சுது, தனியா ரூம் எடுத்தா மிஞ்சாது.

தேசிய டீம்லயே காசுக்கு சண்டைதான். 2022ல மொராக்கோவுல போய் மொராக்கோவயே 2-1னு அடிச்சு ஆப்பிரிக்கக் கோப்பை ஜெயிச்சாங்க, ஹில்டா மகாயா ரெண்டு கோல், எங்க தெரு முழுக்க லாடுமானு (கோல் விழுந்தா இங்க அப்படித்தான் கத்துவாங்க) ஒரே கத்தல். அடுத்த வருஷமே உலகக்கோப்பைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட், போனஸ், க்ரவுண்டு மோசம்னு சொல்லி போட்ஸ்வானா மேட்ச்ல சீனியர் பொண்ணுங்க யாரும் ஆட மாட்டேன்னுட்டாங்க. அவசரத்துக்கு வேற பொண்ணுங்கள எறக்குனாங்க, அதுல 13 வயசுக் கொழந்த ஒருத்தி கூட இருந்தா, 5-0னு தோத்தாங்க. கடைசில மொட்ஸேபே ஃபவுண்டேஷன் 60 லட்சம் ராண்ட் குடுத்துதான் விஷயம் அடங்குச்சு. அந்தப் பொண்ணுங்க மேல தப்பு சொன்னவங்க நம்ம வாட்ஸ்அப் க்ரூப்லயே இருந்தாங்க, நாட்டுக்காக ஆடுறதுக்குக் காசு கேக்கலாமானு. அவங்க நாட்டுக்காக ஓசில வேலை செய்றாங்களானு நான் திருப்பிக் கேட்டேன், க்ரூப்ல ரெண்டு நாள் அமைதி. அதே உலகக்கோப்பைல குரூப் ஸ்டேஜ் ஆடுன ஒவ்வொருத்தருக்கும் 30,000 டாலர், கடைசி 16க்குப் போனா 60,000 டாலர்னு ஃபிஃபா வச்சிருந்துச்சு, நம்ம டீம் கடைசி 16 வரைக்கும் போனாங்க.

வெளிநாட்ல கதை வேற. அமெரிக்காவோட பெண்கள் லீக் என்.டபிள்யூ.எஸ்.எல்.ல 2025ல குறைஞ்சபட்ச சம்பளமே வருஷத்துக்கு 48,500 டாலர். அதே வருஷம் ஜனவரில நவோமி கிர்மாவ சான் டியாகோ க்ளப்கிட்ட இருந்து செல்சி 11 லட்சம் டாலருக்கு வாங்குச்சு, பெண்கள் சாக்கர்ல பத்து லட்சம் டாலர தாண்டுன முதல் ட்ரான்ஸ்ஃபர் அதுதான். அந்த ரெக்கார்ட அப்புறம் வேற சிலர் முறியடிச்சுட்டாங்க, அதெல்லாம் சரி, ஆனா கோல் போடாத பொண்ணுக்கு யார் காசு குடுப்பானு கேட்ட என் தம்பிக்கு அந்த நியூஸ ராத்திரி 11 மணிக்கு ஃபார்வர்ட் பண்ணேன். முதல் மில்லியன் டாலர் பொண்ணு ஒரு சென்டர் பேக்.

கேள்வி: அப்ப படிப்பு?

விடவே கூடாது. மெட்ரிக்ல (இங்க அது 12வது) நல்ல மார்க், யூனிவர்சிட்டிக்குப் போற அளவுக்கு பாஸ், இது எங்க வீட்ல முதல் நாள் போட்ட கண்டிஷன். பயத்துல போட்ட கண்டிஷன் கெடயாது, கணக்கு பாத்துதான் போட்டோம். டிஃபெண்டர் பக்குவம் ஆகுறதே இருபதுகளோட நடுவுல, அதுவரைக்கும் சம்பளம் சொல்ற மாதிரி இருக்காது, அந்த அஞ்சாறு வருஷம் ஒரு டிகிரிக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கு. யூனிவர்சிட்டி டீமுங்கள்ல ஆடுனா பர்சரி (படிப்புக்கு உதவித்தொகை) கிடைக்க வழி இருக்கு, பன்யானா டிஃபெண்டர் போங்கேகா கமேடே மேற்கு கேப் யூனிவர்சிட்டி டீம்ல இருந்து வந்தவங்கதான்.

நைஜீரியாவோட மிஷெல் அலோஸி தெரியுமா? 2025 ஆப்பிரிக்கக் கோப்பை செமில கடைசி நிமிஷத்துல தூரத்துல இருந்து ஒரு பந்த தூக்கிப் போட அது நேரா உள்ள போயி நம்மள 2-1னு வெளிய அனுப்புனாங்களே, அந்தப் பொண்ணு. டிஃபெண்டர். யேல் யூனிவர்சிட்டில பயாலஜி படிச்சுட்டு, ஹூஸ்டன்ல க்ளப்புக்கு ஆடிக்கிட்டே அங்க குழந்தைங்க ஆஸ்பத்திரில கேன்சர் ஆராய்ச்சி வேலையும் பாத்தவங்க. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல எல்லாரும் அவங்கள திட்டிட்டு அடுத்த நாள் காலைல இதப் படிச்சுட்டு வாயடைச்சுப் போனோம்.

அமெரிக்கா காலேஜ் ஸ்காலர்ஷிப் யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. அங்க அமெச்சூர் ரூல் உண்டு, இங்க க்ளப்ல சம்பள கான்ட்ராக்ட் சைன் பண்ணிட்டா அந்தக் கதவு மூடிக்கலாம், அதனால அந்தக் காலேஜ்காரங்ககிட்ட எழுத்துல கேட்டுட்டு அப்புறம் சைன் பண்ணுங்க. எங்களுக்கு இது யாரும் சொல்லல, தெரிஞ்சப்ப இவ சைன் பண்ணி நாலு மாசம் ஆயிருந்துச்சு.

கேள்வி: நம்ம ஆளுங்க யாராவது இதுல இருக்காங்களா?

இருந்திருக்காங்க, நாமதான் மறந்துட்டோம். டர்பன்ல கரீஸ் ஃபவுண்டன் க்ரவுண்டுல அபார்ட்ஹைட் காலத்துல, நல்ல ஸ்டேடியம் எல்லாம் வெள்ளக்காரங்களுக்குன்னு இருந்தப்ப, நிறம் பாக்காத சாக்கர் நடந்துச்சு, எங்க மாமனார் சின்னப் பையனா மரத்து மேல ஏறி மேட்ச் பாத்தேன்னு நூறு தடவ சொல்லிருக்கார். அப்புறம் மானிங் ரேஞ்சர்ஸ். 1928ல இந்தியர்கள் ஆரம்பிச்ச க்ளப், நம்ம சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்துல ஆடுன டீம், 1996-97ல பி.எஸ்.எல். (நாட்டோட பெரிய ஆம்பளைங்க லீக்) ஆரம்பிச்ச முதல் சீசன்லயே சண்டவுன்ஸ், சீஃப்ஸ், பைரேட்ஸ்னு பெரிய க்ளப் எல்லாரையும் தாண்டி சாம்பியன் ஆனாங்க. பத்து வருஷத்துல க்ளப்பே வித்துப் போச்சு. அதப் பத்திப் பேச ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்ட தள்ளி வச்சிட்டுப் பேசுவார்.

பொண்ணுங்கள்ல, 2023 உலகக்கோப்பை டீம் லிஸ்ட்ல ராபின் மூட்லினு ஒரு மிட்ஃபீல்டர் பேரு இருந்துச்சு. மூட்லிங்கறது நம்ம முதலியார்தான், கப்பல்ல வந்த பிறகு க்ளார்க் எழுதுனது அப்படியே ஒட்டிக்கிச்சு. டி.வி.ல அந்தப் பேர சொன்னப்ப ஆயா சவுண்ட கூட்டச் சொன்னாங்க.

கேள்வி: டீம்ல எல்லாரும் ஜூலுதான் பேசுவாங்களாமே, பொண்ணு தனியா ஆயிடாதா?

முதல் ஆறு மாசம் தனியாத்தான் இருந்தா, அத மறைக்கல. ஆனா சென்டர் பேக் வாய மூடிக்கிட்டு ஆட முடியாது, முழு க்ரவுண்டும் அவ கண்ணு முன்னாடி இருக்கு, முன்னாடி நிக்கிறவங்களுக்கு முதுகுல கண்ணு இல்ல, இவதான் கத்தணும். லைன மேல தள்ளணும்னா "பூமா!" (வெளிய போ), நிறுத்தணும்னா "லிந்தா!" (பொறு), பின்னாடி ஓடி வரணும்னா "புயா!". இங்லீஷ்ல முழு வாக்கியம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து வலைக்குள்ள இருக்கும். பூமானு இவ கத்துறது எனக்கு முதல்ல நம்மூர் "போமா" மாதிரியே கேட்டுச்சு, யாரத் துரத்துறானு திரும்பிப் பாத்தேன். இப்ப அவ ஜூலு எங்க யாரையும் விட நல்லாருக்கு, கடைல காய்கறிக்கு பேரம் பேச அவளத்தான் கூட்டிட்டுப் போறேன்.

கேள்வி: முட்டி போயிடும்னு சொல்றாங்களே?

இது எனக்கும் பயம்தான். ஏ.சி.எல்.னு முட்டிக்குள்ள ஒரு தசைநார், ஆம்பளைங்கள விட பொண்ணுங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல கிழியுதுனு சொல்றாங்க, அதுவும் பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, ஓடி வந்து சட்டுனு பிரேக் போட்டுத் திரும்புற நேரத்துல. டிஃபெண்டர் வேலையே எதிராளி திரும்புனா தானும் திரும்புறதுதான், அப்ப யோசிச்சுக்கோங்க. கிழிஞ்சா ஆபரேஷன், ஒன்பது மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் வெளிய. கிர்மாவுக்கே 2020ல காலேஜ்ல இருந்தப்ப கிழிஞ்சு சீசன் போச்சு, திரும்ப வந்து 2022 டிராஃப்ட்ல (அமெரிக்க லீக் க்ளப்புங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குறது) முதல் ஆளா எடுத்தாங்க, அந்த வருஷமே லீக்கோட சிறந்த டிஃபெண்டர்.

தடுக்க முடியுமானு கேட்டா, குறைக்க முடியும். ஃபிஃபா 11+னு 20 நிமிஷ வார்ம் அப் இருக்கு, காசே ஆகாது, குதிச்சு எறங்குறப்ப முட்டி உள்ள மடங்காம எறங்கப் பழக்குறது, தொடைப் பின்பக்க எக்சர்சைஸ், பேலன்ஸ். நார்வேல 13ல இருந்து 17 வயசுப் பொண்ணுங்கள வச்சு பாத்தப்ப காயம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு, 2008ல வந்த ஆராய்ச்சி. ஆனா நம்ம பக்கத்துல எத்தன க்ளப்ல இத ஒழுங்கா பண்றாங்க? ரெண்டு ரவுண்டு ஓடிட்டு நேரா பந்து. உங்க பொண்ணு க்ளப்ல பண்ணலன்னா கோச்கிட்ட கேளுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

தலைல அடிபட்டா அன்னைக்கு திரும்ப உள்ள விடக் கூடாது. "ஐ ஆம் ஃபைன் மா"னு சொல்லுவா. நம்பாதீங்க.

கேள்வி: புரட்டாசி மாசம் என்ன பண்ணுவீங்க?

சிரிக்காதீங்க, எனக்கு அதிகமா வர்ற கேள்வியே இதுதான். இங்க சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், தொங்காட் பக்கம் புரட்டாசி விரதம் நம்ம ஊர விட கறாரா இருப்பாங்க, மாசம் முழுக்க கறி மீன் முட்டை கெடயாது, தனிப் பாத்திரம் கூட. ஆடுற பொண்ணுக்கு அந்த மாசமும் புரோட்டீன் வேணும், அதோட பொண்ணுங்களுக்கு மாசாமாசம் ரத்தம் போறதால இரும்புச்சத்து வேற கொறையும். எங்க வீட்ல சுகர் பீன்ஸ் குழம்பு, பருப்பு, பனீர், தயிர், வேர்க்கடலை, கீரைல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, இப்படி ஓட்டுவோம். விரதத்துக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துடுவோம். ஒரு வருஷம் ரிசல்ட்ல இரும்பு ரொம்பக் கம்மியா வந்துச்சு, டாக்டர் மாத்திரை எழுதுனார், அந்த வருஷம் மட்டும் முட்டை சாப்பிடட்டும்னு ஆயாவே சொல்லிட்டாங்க. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார், மேட்ச் ஜெயிச்சா சரினு. காவடி எடுக்குறப்ப பத்து நாள் விரதம், அது வேற, அந்த வாரம் ப்ராக்டிஸ லேசா வச்சுக்கோன்னு கோச்கிட்டயே சொல்லிடுவா.

கேள்வி: வெயில்ல கறுத்துப் போயிட்டாளே, முட்டில தழும்பு வேற, நாளைக்கு கல்யாணம்?

அடுத்த கேள்வி.

கேள்வி: ஏஜென்ட் தேவையா?

சின்ன வயசுல தேவையில்ல. இவளுக்கு 16 இருக்கும்போது ஒருத்தர் மேட்ச் முடிஞ்சு வந்தார், நல்ல சட்டை, ஐரோப்பாவுல ட்ரயல் ஏற்பாடு பண்றேன், ஃபைல் திறக்க 15,000 ராண்ட் கட்டுங்கன்னார். எங்க வீட்டுக்காரர் பாதி மயங்கிட்டார், நானும்தான், பொய் சொல்லக் கூடாது. பாங்க்ல காசு எடுக்கப் போன அன்னைக்கு டீம்ல இன்னொரு பொண்ணோட அம்மா, உம்லாசில நர்ஸா இருக்காங்க, அவங்கதான் ஃபோன் பண்ணி எங்ககிட்டயும் அதே கதை சொன்னார்னாங்க. அந்த ஆளு அப்புறம் வரவே இல்ல.

ரூல் என்னன்னா, ஃபிஃபா லைசென்ஸ் இல்லாம யாரும் ஏஜென்ட் வேலை பாக்கக் கூடாது, லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு, உண்மையான ஏஜென்டுக்கு வருமானம் கமிஷன்ல வரும், ட்ரயலுக்குனு உங்ககிட்ட முன்பணம் கேட்டா கதவ மூடிடுங்க. அதோட 18 வயசுக்குக் கீழ ஒரு நாட்ல இருந்து இன்னொரு நாட்டு க்ளப்புக்கு மாறுறதே பொதுவா முடியாது, அப்பா அம்மா வேற வேலையா அந்த நாட்டுக்குக் குடிபோனா மாதிரி சில விதிவிலக்குதான். 16 வயசுப் பொண்ணுக்கு ஐரோப்பா கான்ட்ராக்ட்னு யாராவது சொன்னா முதல்ல இத நெனச்சுக்கோங்க.

கேள்வி: கான்ட்ராக்ட்ல என்ன பாக்கணும்?

சம்பளத் தொகைய எல்லாரும் பாப்பாங்க. நீங்க எந்தத் தேதிக்கு வரும்னு பாருங்க. அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு யாருது, கான்ட்ராக்ட் முடிஞ்ச பிறகும் சிகிச்சை தொடருமா, பரீட்சை நாள்ல விடுவாங்களா, இதெல்லாம் எழுத்துல இருக்கணும், "அதெல்லாம் பாத்துக்கலாம் மா"ங்கறது எழுத்து இல்ல. 18 வயசுக்குக் கீழன்னா மூணு வருஷத்துக்கு மேல கான்ட்ராக்ட் போடக் கூடாதுனு ஃபிஃபா ரூல். ரெண்டு மாச சம்பளம் குடுக்காம விட்டா, எழுத்துல நோட்டீஸ் குடுத்து 15 நாள் டைம் விட்டு, அப்பவும் வரலன்னா வெளிய வர உரிமை இருக்கு. இவளோட முதல் க்ளப்ல சரியா அந்த ரெண்டு மாசம்தான் பாக்கி வச்சாங்க, நோட்டீஸ் போன ஒன்பதாவது நாள் காசு வந்துச்சு. அதுவரைக்கும் மேனேஜர் என் ஃபோன எடுக்கவே இல்ல, நோட்டீஸுக்கு அப்புறம் அவரே கூப்ட்டு "ஆன்ட்டி"ன்னார்.

பிரசவ விடுப்பும் 2021ல இருந்து ரூல்ல இருக்கு, குறைஞ்சது 14 வாரம், மூணுல ரெண்டு பங்கு சம்பளம். இவளுக்கு இப்ப அது தேவையில்ல, ஆனா டீம்ல ஒரு அக்காவுக்குத் தேவைப்பட்டுச்சு, அவங்களுக்கே அப்படி ஒண்ணு இருக்கறது தெரியல.

கேள்வி: பசங்களோட ஆட விடலாமா?

சின்ன வயசுல தாராளமா. எங்க தெருப் பசங்க ஷிபோபோ போட்டு (ரெண்டு காலுக்கு நடுவுல பந்த விட்டு) சிரிச்சு சிரிச்சுதான் இவ கால ஒட்டி வச்சு சைடா நிக்கவே கத்துக்கிட்டா.

கேள்வி: ராத்திரி ப்ராக்டிஸ், போக்குவரத்து, பயமா இல்லையா?

இருக்கு, இந்த ஊர்ல இல்லாம எப்படி. நாங்க அஞ்சு குடும்பம் சேர்ந்து முறை வச்சு ஏத்திட்டு வர்றோம், எங்க வீட்டு பாக்கில (பின்னாடி திறந்த பிக்கப் வண்டி) முன்னாடி ரெண்டு பேர்தான் உக்கார முடியும்னு கடன் வாங்கி பழைய மினிபஸ் எடுத்தோம். லோட் ஷெடிங் நடந்த வருஷங்கள்ல க்ரவுண்டு லைட் பட்டுனு போயிடும், எல்லாரும் கார் ஹெட்லைட்ட போட்டு பொண்ணுங்க எண்ணிக்கைய சரி பாத்துட்டுதான் கிளம்புவோம். டிரஸ்ஸிங் ரூம், வெளியூர் ட்ரிப், கோச் தனியா மெசேஜ் அனுப்புறது, இதுலயும் கண்ணு வைங்க. வெளியூர் ட்ரிப்புக்கு டீமோட ஒரு பெண் பொறுப்பாளர் வரலன்னா நாங்க அனுப்புறதில்ல, அதனால ஒரு டோர்னமென்ட்டே போச்சு, போகட்டும்னு விட்டோம்.

கேள்வி: டிஃபெண்டர் தப்பு பண்ணா எல்லாரும் திட்டுவாங்களே, பொண்ணு தாங்குவாளா?

2023ல நம்ம டீம் இத்தாலிய 3-2னு ஜெயிச்சது ஞாபகம் இருக்கா, கடைசில க்கட்லானா போட்ட கோல எல்லாரும் சொல்லுவோம். நம்ம முதல் கோல் எப்படி வந்துச்சு? இத்தாலி டிஃபெண்டர் ஒருத்தங்க தன் கீப்பருக்கு பின்னாடி தள்ளுன பந்து கீப்பர தாண்டி நேரா வலைக்குள்ள. எங்க வீட்ல எல்லாரும் எழுந்து குதிச்சாங்க, இவ மட்டும் உக்காந்தே இருந்தா, "பாவம்மா அவங்க, கீப்பர் அங்க இருப்பாங்கனு நெனச்சிருப்பாங்க"ன்னா. அப்பதான் எனக்கு இவ நெஜமாவே அந்த வேலைக்காரிதான்னு தெரிஞ்சுது.

இவளும் பண்ணிருக்கா. போன சீசன் 88வது நிமிஷம் ஒரு பந்த நெஞ்சுல நிறுத்தப் போயி எதிராளி காலுக்கே குடுத்துட்டா, கோல், தோல்வி. மினிபஸ்ல ஒருத்தரும் பேசல. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவ ஏழு தடவ பாத்தா, நான் ஃபோன பிடுங்கப் போனேன், "விடும்மா, கால் எங்க வச்சேன்னு பாக்குறேன்"ன்னா. அடுத்த மேட்ச்ல கோச் அவள வெளிய உக்கார வைக்கல, அது அந்தக் கோச்சோட பெரிய மனசு, எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க. வீட்ல நாம பண்ண வேண்டியது சாப்பாடு போட்டுட்டு மேட்ச் பத்திப் பேசாம இருக்கறது. எங்க வீட்டுக்காரருக்கு அது இன்னும் வரல.

வீடியோனு சொன்னேன்ல, எல்லா மேட்ச்சயும் முழுசா எடுத்து வைங்க, கோல் மட்டும் வெட்டி வச்சா டிஃபெண்டருக்கு ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. க்ளப்காரங்க பாக்க வேண்டியது பந்து இல்லாத நேரத்துல அவ எங்க நிக்கிறாங்கறதத்தான். நான் முதல் ரெண்டு வருஷம் பந்து பின்னாடியே கேமராவ ஓட்டி எடுத்த வீடியோ எல்லாத்துலயும் என் மகளே இல்ல.

கேள்வி: இவ கோல் போட்டிருக்காளா இல்லையா?

ஒண்ணே ஒண்ணு. டிஃபெண்டருங்க கார்னர், ஃப்ரீ கிக்குக்கு மேல ஏறிப் போவாங்க, ஸ்வீடன் டிஃபெண்டர் இலெஸ்டெட் அப்படிப் போயே 2023 உலகக்கோப்பைல நாலு கோல் போட்டாங்க, அதுல ஒண்ணு கடைசி நிமிஷத்துல நம்மள தோக்கடிச்சது. என் மக போட்டதும் கார்னர்லதான், தலையால, நல்ல கோலாம். நான் பாக்கல. பீன்ஸ் பன்னி (ரொட்டிய குடைஞ்சு உள்ள பீன்ஸ் குழம்பு ஊத்துற டர்பன் சாப்பாடு) வாங்க வரிசைல நின்னுட்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடி வந்தப்ப எல்லாரும் அவ மேல விழுந்து கெடந்தாங்க, யாருக்கோ அடிபட்டுடுச்சுனு நெனச்சு பன்னிய கீழ போட்டுட்டேன்.